ஒன்பதரைக் கிலோவும் ஐந்து குதிரையும்

இன்ஜினின் குதிரைச் சக்தியை அளப்பது என்றால், கைக்கு அகப்படாத ஒன்றைக் கயிறு போட்டுப் பிடித்து நிறுப்பது. அளவு வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

இடுப்பில் தூக்கும் எடை

2008 மழைக்காலம். கடலூரில் நான் வேலை பார்த்த பட்டறைக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி ராமலிங்கம் வந்தார். அவருடைய ஐந்து குதிரை டீசல் இன்ஜினை நாங்கள் பிரித்துப் பழுது பார்த்திருந்தோம். நட்ட பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. இன்ஜின் முழு பலத்தோடு இறைத்தால்தான் அழுகும் முன் வடியும்.

சோதனையை அவருக்கு விளக்கினேன். இன்ஜின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் தட்டு மாட்டி எடைக்கற்களை வைப்போம்; மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. எடையில் தராசு காட்டுவதைக் கழித்தால் இன்ஜின் இழுக்கும் பாரம். நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று குறையாமல் ஒன்பதரைக் கிலோ இழுத்தால், எங்கள் சக்கர அளவுக்கு அது ஐந்து குதிரை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒம்போதரை கிலோவா? எம் பொண்ணு இடுப்புல தூக்கிட்டுப் போவும் மாமா."

ஒரு நொடியில்

நான் எட்டாவதோடு நின்றவன்; பேச்சும் வராது. தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். நொடிக்கு இருபத்தைந்து சுற்று. ஒன்பதரைக் கிலோவை ஒரே நொடியில் ஏறக்குறைய நாற்பது மீட்டர் தூக்குவதற்குச் சமம். சிதம்பரம் கோயில் கோபுரம் அவ்வளவு உயரம் இருக்கும். எத்தனையோ இன்ஜினுக்குப் போட்ட கணக்குதான். விடை வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ராமலிங்கம் இன்ஜினைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கோபுரத்து உச்சிக்கா? இத்தப் போயி வைக்கப்போருக்குப் பின்னால போட்டு வச்சிருந்தேனே மாமா."

அழித்த எழுத்து

ஓட்டினோம். எட்டுக் கிலோவைத் தாண்டியதும் சுற்று இறங்கியது. மூன்று முறை பார்த்தேன். நாலு குதிரைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மறுபடி பிரித்து மாட்ட நான்கு நாள் ஆகும் என்றார் முதலாளி. அதற்குள் பயிர் போய்விடும். ராமலிங்கம் வாசலில் போய் உட்கார்ந்தார்.

நோட்டில் எழுதும்போதுதான் சுவரைப் பார்த்தேன். கல் வைக்கும் தட்டின் எடை அங்கே எழுதியிருக்கும், பார்த்துக் கூட்டிக்கொள்வேன். அன்று காலை தட்டு மாற்றியபோது பழைய எடையை நானே அழித்தேன், புதியதை எழுதவில்லை. தட்டை நிறுத்தேன். ஒன்றரைக் கிலோ. எட்டும் ஒன்றரையும் ஒன்பதரை. இன்ஜின் ஐந்து குதிரைதான்.

எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முதலாளி திட்ட வாயெடுத்தார். அதற்குள் எழுந்து, இன்ஜினை வண்டியில் ஏற்ற ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ராமலிங்கம் திரும்பினார்.

"வுடுங்க மொதலாளி. தட்ட மறந்தாரு, சொல்ல மறக்கலியே."

போன்

ஐந்தாம் நாள் பட்டறைக்குப் போன் செய்தார். இன்ஜின் முதல் இரண்டு நாள் நிற்கவே இல்லையாம். தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கிவிட்டதாம். பயிர் எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"தல தெரியுது மாமா. சந்தேகம்னா வந்து எண்ணிப் பாத்துக்குங்க."

மூன்று முறை சரிபார்த்தேன் என்று இப்போது யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று மூன்று முறையும் நான் சரிபார்த்தது என் தப்பைத்தான்.