ஆடி முடியட்டும் என்று இருந்தேன்

மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் தோட்டத்தை அளந்து பிரித்த வழக்கில், கிணறு இருந்த துண்டு பெரியப்பா மகனுக்கே என்று ஆனிக் கடைசியில் தீர்ப்பாகிவிட்டது. முப்பது நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாதென்று ஆவணி பிறந்த பிறகுதான் வக்கீலிடம் போனேன்.

"கெடு முடிஞ்சு போச்சுங்களே!" என்று பதறியவர், தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு தயாரித்து நீட்டினார். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு ஒரு போட்டோவைக் கொடுத்தது. ஆடிக் கிருத்திகையில் நான் காவடி எடுத்து ஆடுகிற போட்டோ.

நீதிபதி என்னைப் பார்த்தார். "மஞ்சள் காமாலையில படுத்த படுக்கையா இருந்தேன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே?"

காமாலையா? எனக்கா?

"அய்யா, காமாலையெல்லாம் வரவே இல்லீங்க. ஆடி போகட்டும்னு இருந்துட்டனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "பொய் மனுவுக்கு உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம்" என்றார். உண்மையை ஒப்புக்கொண்டதால் மட்டும், வேறு மனு போட ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் வரி வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்து. புது மனுவில் தாமதத்துக்குக் காரணம் 'ஆடி மாதம்' என்றே எழுதியிருக்கிறது. விசாரணை இந்த ஆடி வெள்ளியன்று. முதல் ஆளாகப் போய் நிற்பேன்.