அடிக்காத மணி

கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளைத் திட்டமிடுவது என் வேலை. நெல்லிவாசல்நாடு என்ற மலைக் கிராமத்து ஓடையில், வெள்ளம் வந்தால் மணியடிக்கும் கருவியை என் மாணவர்கள் பொருத்தினார்கள். கோடையில் வைவா தேர்வு முடிந்ததும் முழு மதிப்பெண் போட்டேன். பேட்டரி ஆய்வகத்துடையது என்பதால் கழற்றி வரச் சொன்னதும் நான்தான்.

ஐப்பசியில் அடுத்த புராஜெக்ட்டுக்கு இடம் பார்க்க அதே ஓடைப் பக்கம் போனேன். மேலே மலை கறுத்திருந்தது. புல்லுக்கட்டோடு ஒரு பெண் ஓடையில் இறங்கினார்.

“மழை வருதேம்மா, பயமா இல்லியா?” என்றேன்.

“இன்னா பயம் சார்? காலேஜ் புள்ளைங்க வெச்ச மணி அடிக்கலியே. மேகத்த பாத்து எறங்கறதெல்லாம் வுட்டுட்டோங்க.”

அவரைக் கரையேற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அக்கரையைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடம் வுட்டு புள்ளைங்க வர்ற நேரம் சார்.”

அன்று வெள்ளம் வரவில்லை. வைவாவோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் போட்ட திட்டத்துக்கு, வெள்ளம் வராமல் போனதில் எந்தப் பங்கும் இல்லை.