சட்டி நிற்கும் அலை

தம்பானூர் பேருந்து நிலையம், மதியம் இரண்டே கால். நாகர்கோவில் வண்டி இன்னும் வரவில்லை. ஒரு கையில் சூடான பழம்பொரி, மறு கையில் கைபேசி. திரையில் கடல் வானிலை வரைபடம். கப்பல்களுக்கு அலை முன்னறிவிப்பு தயாரிப்பது என் வேலை. பக்கத்தில் மீன் விற்று முடித்த ஓர் அக்கா, காலிச் சருவத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள்.

"இதுல மாலத்தீவு எங்க கெடக்கு மோளே? எங்க வீட்டுக்காரரு போட்டுல அங்க போயி பன்னிரண்டு நாளாச்சு."

வரிசையாகச் சொல்கிறேன்: தென்மேற்குக் காற்று, இன்று அலை மூன்று மீட்டர், நாளை ஒன்றரை.

"மீட்டர் கெடக்கட்டு. அடுப்புல சட்டி நிக்குமா?"

அலை பெருத்தால் படகில் உலை வைக்க முடியாது. அவல் நனைத்துத் தின்று கிடப்பார்களாம். எந்தக் கப்பலும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"இன்னைக்கு நிக்காதுக்கா. நாளைக்கு நிக்கும்."

"அப்போ நாளைக்குச் சோறு." சருவத்தைத் தட்டிச் சிரிக்கிறாள். "நீ என்னத்துக்கு மாலத்தீவுக்குத் தெக்கயே நோக்கிட்டிருக்க?"

"என் வீட்டுக்காரர் அங்க கப்பல்ல இருக்கார்." நான்கு நாளாக அவரிடமிருந்து செய்தி இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"அங்க சட்டி நிக்குமா?"

வரைபடத்தில் அவர் கப்பல் இருக்கும் கட்டத்தில் வரும் ஐந்து நாளுக்கும் அலை நான்கு மீட்டர். தினமும் அந்த எண்ணைத்தான் அவருக்கு எழுதி அனுப்பினேன். அவர் என்ன சாப்பிடுவார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நிக்காதுக்கா."

"நீயாவது தின்னு மோளே. ஆறிப்போகுது."

நாகர்கோவில் வண்டி வருகிறது. பழம்பொரியைக் காகிதத்தோடு மடித்துப் பைக்குள் வைக்கிறேன்.