வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

லெனார்ட் பார்ஜிட்டர் தன் ஆற்றங்கரை வீட்டை மிஸஸ் கவர்டேலுக்குத்தான் விற்க நினைத்தார். அந்த அம்மாளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

முப்பத்தோரு வருடமாக இருவரும் அக்கம்பக்கம். வேலிக்கு மேல் பிளம் பழக் கூடை போகும், ஜாம் பாட்டிலாகத் திரும்பி வரும். அப்படியிருந்தும் அவர் மிஸ்டர், இவர் மிஸஸ்தான். தேம்ஸ் கரையில் எல்ம்ஹித் கிராமத்துப் பழக்கம் அது.

லெனார்ட் படகுத் துறையில் தச்சராக இருந்தவர். மூட்டுவலியால் மாடி ஏற முடியவில்லை. மகள், தான் இருக்கும் லீட்ஸ் நகருக்கு வரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மிஸஸ் கவர்டேலின் வீடு பின்வரிசையில் இருந்ததால் அங்கிருந்து ஆறு தெரியாது. கணவர் இறந்தபிறகு மாலையில் லெனார்டின் புல்தரையில் வந்து நின்று தண்ணீரைப் பார்ப்பார். வெள்ளம் ஏறினால் எந்தக் கதவுக்கு முதலில் பலகை அடைக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வீடு அவர் கைக்குப் போனால் லெனார்ட் நிம்மதியாகக் கிளம்பலாம்.

ஆனால் வாங்குகிறீர்களா என்று எப்படிக் கேட்பது? தனியாக இருப்பவரிடம் பணம் இருக்கிறதா என்று துருவுவதுபோல் ஆகிவிடும். வாசலில் விற்பனைப் பலகை நட்ட அன்று வேலியருகே போய், நிறைய பேர் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தெரிந்த அழைப்பு அவ்வளவுதான். ஆற்றைப் பார்த்த வீடு, வராமல் இருப்பார்களா என்றுவிட்டு மிஸஸ் கவர்டேல் ரோஜாச் செடியை வெட்டப் போய்விட்டார்.

வந்தவர்களையெல்லாம் லெனார்ட் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தார். மதுக்கடை ட்ரெவர் எல்லோர் முன்னாலும் வம்புக்கு இழுத்தான்.

“ராஜாவே வந்து கேட்டாலும் ஷூ சரியில்லைன்னு திருப்பி அனுப்பிடுவீங்க போலிருக்கே, லென்.”

கடைசியில் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு லண்டன் தம்பதிக்குச் சரியென்றார். பலகையில் ‘பேசி முடிந்தது’ என்று ஒட்டினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை யாரும் பின்வாங்கலாம் என்பது அங்கே சட்டம். லெனார்ட் புகைபோக்கி பழுதுபார்த்த சான்றிதழைக் காணோம், அதைக் காணோம் என்று வக்கீலை இழுத்தடித்தார். வேலிப்பக்கமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

சாமான் ஏற்றிய அன்று மிஸஸ் கவர்டேல் இஞ்சிக் கேக்கோடு வந்தார். வாங்கியவர்கள் சனி ஞாயிறு மட்டும்தான் வருவார்களாம் என்றார் லெனார்ட்.

“என் வீட்டை வித்துட்டு இதை வாங்கலாம்னு இருந்தேன்,” என்றார் மிஸஸ் கவர்டேல். “என் வீடு என்ன விலைக்குப் போகும்னுகூட விசாரிச்சு வெச்சேன்.”

லெனார்ட் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். “ஏன் சொல்லலை?”

“நிறைய பேர் வர்றாங்கன்னீங்களே. பக்கத்து வீட்டுக்காரின்னு சலுகை கேக்கறேன்னு நினைச்சுடுவீங்களோன்னு பேசாம இருந்தேன். பலகை மாறினப்புறம் கேட்டா, அடுத்தவங்க பேசி முடிச்சதைத் தட்டிப் பறிக்கிறது. அதைச் செய்வேனா?”

“நான் கடைசிவரைக்கும் காத்திருந்தேன்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான், மிஸஸ் கவர்டேல்.”

அவர் கேக்கின்மேல் மூடியிருந்த துணியைச் சரிசெய்தார். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

“புதுசா வர்றவங்ககிட்ட முதல் நாளே கேட்டுடுங்க,” என்றார் லெனார்ட், “சாயங்காலம் புல்தரையில நிக்கலாமான்னு.”

“பாப்போம்,” என்றார் மிஸஸ் கவர்டேல். “அவங்களாக் கூப்பிட்டாப் போறேன்.”