லாண்டரி ரூம் பியானோவின் இடது கை

இந்த இடது கை உலகம் பூராவும் சுற்றி வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் அப்போது என் ரூம்மேட்டாக இருந்த குமாரைக் கேளுங்கள்... ஞாபகம் இல்லை என்பான். அவன் அப்படித்தான்.

டிரையர் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, சூடான பருத்தித் துணி வாசனை... அங்கேதான் ஆரம்பம். நான் ஹூஸ்டனுக்கு வந்த புதிது. எங்கள் அபார்ட்மென்ட் லாண்டரி ரூமில் நாலு வாஷர், நாலு டிரையர். மூலையில், வீடு காலி செய்த யாரோ விட்டுப்போன ஒரு பியானோ. அதன் தலையில் சோப்புத்தூள் டப்பாக்கள்.

குழாய், ஏசி எது கெட்டாலும் வருகிற மெயின்டனன்ஸ்காரர் பெயர் வில்பர். கறுப்பினத்தவர். அறுபது வயது, ஏழடி உயரம்... சரி, ஆறடி. சனிக்கிழமை மத்தியானங்களில் டூல் பாக்ஸைத் தரையில் வைத்துவிட்டு வாசிக்க உட்காருவார்.

வலது கை என்னவோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். இடது கைதான் விஷயம். அடியில் சரக்கு ரயில் மாதிரி தடதடவென்று ஓடும். ஓடிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் மட்டும் இம்மியளவு தாமதிக்கும். அந்த இடத்தில் நம் தலை தானாக ஆடிவிடும். நாலு டிரையரும் சுவரை விட்டு ஓரடி நகர்ந்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் புரியும். புரிந்ததை நம் பாஷையில் தருகிறேன்.

"யாரும் சொல்லித் தரல. ஈஸ்ட் டெக்சஸ்ல மரம் அறுக்குற மில்லுல நான் பலகை அடுக்கிட்டிருந்தேன். வீக்எண்ட் ஆனா அங்க ஒரு கொட்டகையில டான்ஸ். ஒருத்தர் வாசிப்பார். ஆடிக்கிட்டே கேட்டுக்கிட்டேன்."

"அவரோட ரெக்கார்ட் கிடைக்குமா?"

"ரெக்கார்ட் கம்பெனிக்காரன் தேடி வந்த அன்னிக்கு மனுஷன் மீன் பிடிக்கப் போயிட்டார். கேட்டுட்டுப் போனவனுங்க போட்டானுங்க ரெக்கார்ட். ஒருத்தன் சிகாகோ போனான், ஒருத்தன் நியூ ஆர்லியன்ஸ் போனான். அத்தனை பேர் இடது கையிலயும் அவர்தான்."

எனக்கு அது மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. ஓர் இசைத்தட்டில் கூட இல்லாத ஆள் எப்படி இத்தனை இசைத்தட்டில் இருப்பார்? கேட்கிற பாட்டிலெல்லாம் தேடினேன். ஒருநாள் குமாரின் காரில் பழைய தமிழ் சினிமா கேசட், கிளப் டான்ஸ் பாட்டு ஒன்று. அடியில் அதே தடதட!

"குமாரு, மில்லுக்காரர் கைடா இது! கோடம்பாக்கம் வரைக்கும் வந்திருக்கார்டா!"

"வாய மூடுடா. திரும்ப வேண்டிய எக்ஸிட் போச்சு."

அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணமும் உண்டு. மில்லில் ரம்பம் பட்டு, கொட்டகையில் வாசித்த அந்த மனிதரின் இடது மோதிர விரல் போய்விட்டது. விரல் இல்லாத இடத்தில் தாளம் ஒரு கணம் தடுக்கி நின்று வரும். ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் கேட்டி ஊரில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடும் பாட்லக் எதிலும் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

என் மகள் நிலா இங்கே ஒரு ஸ்கூலில் டீச்சர். இந்த வருஷம் லஞ்ச் டேபிளில் இந்தக் கதையை எடுத்துவிட, எதிரில் இருந்த மியூசிக் டீச்சர் டெனிஸ் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாளாம். அவள் வில்பரின் பேத்தி!

வில்பர் இப்போது இல்லை. அவர் வாசித்ததும் எதிலும் பதிவாகவில்லை. டெனிஸ் எங்கள் வீட்டுக்கு வந்து, போண்டாவைத் தொடாமல் கேட்டாள்: "அங்கிள், இன்னும் மூணு மாசத்துல அம்மாவுக்கு எழுபதாவது பர்த்டே. கண்ணை மூடிக்கிட்டு அம்மா ஒரே ஒரு தடவை அவங்க அப்பாவைக் கேட்கணும். உங்களுக்கு என்ன தெரியுமோ எல்லாம் சொல்லுங்க."

சொன்னேன். எல்லாம் சொன்னேன். அந்தத் தாமதத்தைப் பிடிக்க அவள் அங்கேயே என் கீபோர்டில் இடது மோதிர விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

போன வாரம் மறுபடி வந்தாள். இன்னும் மடக்கித்தான் வாசித்தாள். மணிக்கட்டில் பேண்டேஜ். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வில்பர் இல்லை. அவளுக்கும் தெரிந்தது.

"இது நொண்டுது அங்கிள். தாத்தா நொண்டமாட்டார். வெயிட் பண்ணுவார்." கண் கலங்கிவிட்டது.

நிலா என்னைப் பார்த்தாள். "அப்பா, ஆர் யூ ஷூர் அபௌட் த ஃபிங்கர்?"

"உங்கப்பாவுக்கு ஷூர் இல்லாத விஷயம்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் என் மனைவி செல்வி, அடுப்படியிலிருந்து.

இப்போது பொங்கல் விழாவில் நான் தப்பும் தவறுமாகக் கீபோர்டு வாசிப்பது கூட நாற்பது போனில் ஏறிவிடுகிறது. யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அன்றைக்கு லாண்டரி ரூமில் யார் கையிலும் ஒன்றும் இல்லை. துணி காயும் வரை கேட்டோம், அவ்வளவுதான். அதில் மிச்சம் இருப்பது என் தலைக்குள் இருப்பதுதான்... அதைத்தான் அந்தப் பெண் நம்பி வந்தாள்.

இன்று காலை அவளுக்குப் போன் செய்தேன். "விரலை நீட்டி வாசிம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.  அந்தப் பக்கம் போனை எங்கோ வைக்கிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம்...

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விரலைப் பற்றி வில்பர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் அங்கே தாமதிக்கிறது என்று நான் கேட்டதற்கு, "அவருக்கு அவசரம் இல்ல" என்றார், அவ்வளவுதான். அது பாட்லக்குக்குப் போதவில்லை. ரம்பத்தை நான்தான் கொண்டுவந்தேன்.