என் உயரத்தில் ஒரு கைப்பிடி

பைக்கு வாய் வைக்க மறந்த ஒரே தையல்காரன் அனேகமாக நானாகத்தான் இருப்பேன். நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றித் தைத்து முடித்துப் பெருமையாகத் தூக்கிப் பார்த்தால், தலையணை மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நான் எழுந்து நின்றபோது பையும் என்னோடு எழுந்து நின்றது. சம்மணம் போட்டு மடியில் வைத்துத் தைத்ததில், போட்டிருந்த டவுசரையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். டவுசரிலிருந்து பையைப் பிரிப்பதா, டவுசரையே கழற்றிவிடுவதா என்று நடுவீட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் பக்கத்து வீட்டு அத்தையின் முகம் தெரிந்தது. கழற்றும் யோசனையை அந்த நிமிடமே கைவிட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். எனக்குப் பத்து வயது. கும்மிடிப்பூண்டியில் மில்கள் இருக்கும் பக்கம், சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீடு ஒன்றில் நானும் நைனாவும் இருந்தோம். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் தெருவில் அப்பா என்று கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். நைனா என்றால்தான் திரும்புவார்கள். நைனாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டு ஓனர் வீட்டு போனுக்கு அம்மா கூப்பிடுவாள். அவர்கள் சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பேச வேண்டும் என்பது யாரும் சொல்லாத சட்டம். அம்மாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று கேட்பாள். நான் கையைத் தலைமேல் தட்டையாக வைத்து, “இவ்ளோ” என்பேன். போனில் கை தெரியாது என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. அம்மாவும் என்னைவிடப் புத்திசாலி என்று காட்டிக்கொள்ளாமல், “அவ்ளோவா?” என்று ஆச்சரியப்படுவாள்.

பக்கத்து வீட்டு அத்தையும் குவைத்தில்தான் வேலை பார்த்தாள். லீவில் வந்திருந்தவள் திரும்பிப் போகிற நாள் நெருங்கியது. அம்மாவுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் கொஞ்சமாகக் கொடுங்கள், ஏரோப்ளேனில் எடை பார்க்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனாள். நைனா முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் அனுப்புவதாக முடிவு செய்தார். நான் என் உயரத்தை அனுப்புவதாக முடிவு செய்தேன்.

திட்டம் இதுதான். முறுக்கையும் ஊறுகாயையும் வைக்க நானே ஒரு பை தைப்பேன். அதன் கைப்பிடியை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை என் உயரத்துக்கே வெட்டுவேன். அம்மா அதைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தால் மகன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். போனில் கையைத் தலைமேல் வைக்கும் தொல்லையும் இல்லை. இந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. அதற்கு மேல் செய்யவில்லை.

ஏனென்றால், துணி வேண்டுமே. வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் வேண்டாததாக நான் நினைத்த துணி ஒன்றுதான் இருந்தது. கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட வாயில் சேலை. முதலில் பெரியம்மா கட்டியது. நைனா பெண் பார்க்க வந்த அன்று, அக்காவிடம் கேட்டு வாங்கி அம்மா கட்டிக்கொண்டாளாம். திருப்பிக் கொடுக்கவே இல்லை. பிறகு நான் தூளியில் கிடந்ததும் அதில்தான். நான் நனைக்க, அம்மா துவைக்க, ஒரு பாதி கிழிந்தே போய்விட்டது. மீதிப் பாதி வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து போய் பீரோ மேல் கிடக்கும். அதில் அம்மாவின் வாசனை போய் இரும்புத்தூள் வாசனை ஏறியிருந்தது.

இரும்புத்தூள் எப்படி வந்தது என்றால், நைனா அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குவார். ஷிப்ட் முடிந்து கரிப்பூச்சாண்டி மாதிரி வருவார், குளிப்பார், சேலையை முகத்தோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். ஈ மொய்க்காமல் இருக்க என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கொசுவலை வாங்க நைனாவுக்கு மனசு வரவில்லை என்று அத்தையிடம் கோள் சொல்லியும் வைத்தேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

காலாண்டு லீவு. நைனாவுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட். நூலுக்குப் பஞ்சமில்லை. அரிசி மூட்டையின் வாயில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழு நூலும் உருவிக்கொண்டு வருமே, அதை ஒரு உருண்டையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஊசி, மூட்டை தைக்கிற கோணி ஊசி. அந்த ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு உளுந்து தாராளமாகப் போய் வரலாம்.

முதல் பைக்கு வாய் இல்லாமல் போன கதையைச் சொல்லிவிட்டேன். டவுசரிலிருந்து அதைப் பிரித்தபோது நைந்த துணி நூலோடு சேர்ந்து கிழிந்து வந்தது. இரண்டாவது பை குறுகலாகப் போய் ஊறுகாய் பாட்டில் நுழையவில்லை. மூன்றாவதுதான் பை என்று சொல்லும்படி வந்தது. கைப்பிடிக்குத் தரையில் படுத்துக்கொண்டு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கரியால் கோடு போட்டு அளந்தேன். கைப்பிடியைச் சேர்த்துத் தைத்து முடித்தபோது சேலை என்று ஒன்று மிச்சம் இல்லை. மூலையில் துண்டும் துணுக்குமாக ஒரு குவியல்தான் கிடந்தது.

சாயந்திரம் நைனா வந்ததும் பையைத் தூக்கிக் காட்டினேன். கையில் சைக்கிள் சாவியோடு அப்படியே நின்றார். பையைப் பார்த்தார், பீரோ மேலே பார்த்தார்.

“மீதி எங்க?”

மூலையைக் காட்டினேன். குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, உதறி, மடித்து, பீரோ மேல் வைத்தார். அடிக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றம். அடி விழுந்திருந்தால் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்ந்து விழுந்திருக்கும். அம்மாவுக்கு அனுப்பத்தான் தைத்தேன் என்றதும் பையைக் கையில் வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பினார். திருப்பித் தரவில்லை.

“இது வாணாம். வெயிட்டு ஜாஸ்தியாவும்.”

என் தையலைக் குறை சொல்கிறார், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஏரோப்ளேனைச் சாக்கு சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதெல்லாம் எனக்கு எல்லாமே இப்படிச் சட்டென்று புரிந்துவிடும். மறுநாள் அவர் குளிக்கும் நேரம் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அதைத் தராசில் போட்டு, மறுதட்டில் ஒரு பிடி பருப்பை அள்ளிப் போட்டதும் பை மேலே ஏறிவிட்டது. திரும்பி வந்து அதை நைனாவிடம் ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன்.

“பருப்பவிட கம்மி நைனா. கடைல போட்டுப் பாத்துட்டேன்.”

“கடக்காரன் இன்னா ஏரோப்ளேனா ஓட்டறான்?” என்று கேட்டுவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அம்மா கேட்பதற்கு முன்பே புகாரை ஆரம்பித்தேன். நான் பை தைத்ததையும், கைப்பிடி என் உயரம் என்பதையும், நைனா அனுப்ப மாட்டேன் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா சிரித்தாள். வாய் இல்லாத பையைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள். அப்புறம்தான் துணி ஏது என்று கேட்டாள்.

“உன் கத்திரிப்பூ சேலதாமா.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை ஒரு தட்டு தட்டினேன்.

“நைனாகிட்ட குடுறா” என்றாள் அம்மா.

நைனா போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். “ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ம்”. கடைசியில், “தூங்கறேன், தூங்கறேன்” என்றார். இத்தனைக்கும் முழித்த கண் முழித்தபடி என் எதிரில் நின்றுகொண்டிருந்தார். இந்த மனுஷன் எதற்கு அம்மாவிடம் இப்படி அண்டப்புளுகு புளுகுகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அத்தை கிளம்புகிற அன்று காலையில் நைனா என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். எக்காமல் நிற்கச் சொன்னார். என் அரிசி மூட்டை நூல் உருண்டையை எடுத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து, வெட்டினார். அதைச் சுண்டுவிரலில் சுற்றிச் சின்னச் சுருளாக்கி, முறுக்குப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டினார்.

“நூலுக்கு வெயிட்டு இல்ல” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டபோது நான் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. நூலை அங்கே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாளாம்.

“மேடையத் தாண்டி வந்துட்டடா நீ. நின்னாக்க என் தோளு வர்ற” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். அங்கேயும் மழைக்காலம் போலிருக்கிறது, சளி பிடித்திருக்கிறது என்று நைனாவிடம் சொன்னேன்.

என் உயரம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பை என்ன ஆயிற்று என்றால், நைனா அதைத் தன் சாப்பாட்டுப் பையாக்கிக்கொண்டார். கைப்பிடி என் நீளத்துக்கு இருந்ததால், தோளில் மாட்டினால் பை முழங்காலில் இடித்தது. சைக்கிளில் மாட்டினால் சக்கரத்தில் சிக்கியது. கைப்பிடியைப் பாதியாக வெட்டிவிடலாம் என்று நான் கத்திரியோடு வந்தபோது கத்திரியை வாங்கி மேலே வைத்துவிட்டு, அங்கங்கே முடிச்சுப் போட்டுக் குட்டையாக்கினார். தூங்கும்போது அதைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மில்லில் திருட்டு அதிகம், அந்தப் பயம் வீட்டிலும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. பகல் ஷிப்ட் நாட்களில் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து வழியில் இறக்கிவிடுவார். மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே நின்றிருந்த அவர் செட்டு ஆள் ஒருவர் பையின் பூவைப் பார்த்துவிட்டு, “இன்னாபா, ஊட்ல கல்யாணமா? தாம்பூலப் பையத் தூக்கினு வந்துக்கிற” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அந்தப் பையை இந்த உலகத்தில் யார் தைத்தது என்று அவர்கள் விசாரிப்பதற்குள் நான் டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன்.

தீபாவளி வந்தது. மில்லில் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸோடு ஒரு சாப்பாட்டுப் பையும் கொடுத்தார்கள். நீல ரெக்சின், ஜிப், உள்ளே சோறு சூடாக இருக்கத் தடிமனான ஸ்பாஞ்சு, அதன்மேல் வெள்ளித்தாள். அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். இனி டீக்கடையில் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

தீபாவளி கழிந்து முதல் வேலைநாள் காலையில், நைனா குழம்பு தாளித்து இறக்கியதும் டிபன் கேரியரை நானே மூடி, நீலப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துத் தயாராக நீட்டினேன். வாங்கினார். ஜிப்பைத் திறந்தார். கேரியரை வெளியே எடுத்து, ஓட்டையும் முடிச்சுமாக இருந்த என் பைக்குள் வைத்துக்கொண்டார். தையல் வழியாகக் கேரியரின் அலுமினியம் மினுமினுத்தது.

புதுசு இருக்கும்போது எதற்கு நைனா அந்தக் கந்தல் என்று கேட்டேன்.

பையைத் தோளில் மாட்டி, கைப்பிடியின் முடிச்சை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

“அதுல சோறு ஆறிப்பூடும்டா.”