மிச்சம் வைக்காத எண்

அன்று போர்ட் லூயிஸ் துறைமுகக் கிட்டங்கியில் எங்களை வேலை வாங்கும் சர்தார் இருந்தார். பன்னிரண்டு குழுத் தலைவர்கள் இருந்தோம். கையில் கட்டோடு என் மச்சான் இருந்தான். பிறகு, சர்க்கரை மூட்டை எண்ணுகிற கணக்கர்; ஐயா என்பதற்கு அங்கே சொல்வதுபோல் அவரை மிஸ்யே என்போம்.

மிஸ்யே ஒல்லியான ஆள். இடது தோள் சரிந்திருக்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும் சாக்கட்டியால் தரையில் எழுதி வகுத்துப் பார்ப்பார்.

கப்பலில் ஏற்றும் மூட்டைகளைக் குழுக்களுக்குச் சமமாகப் பிரிப்பது வழக்கம். மிஞ்சியதை யார் தூக்குவது என்று சண்டை வரும். போன கப்பலில் மூன்று மூட்டை மிஞ்சியது. மச்சானின் கை உடைந்தது அந்தச் சண்டையில்தான்.

இந்தக் கப்பலின் மூட்டைக் கணக்கு என்று மிஸ்யே பலகையில் 27,720 எழுதினார்.

“வேலைநிறுத்தம்னு பேசிக்கிறானுங்க. எத்தனை குழு வேலைக்கு நிக்குமோ,” என்றார் சர்தார்.

“பன்னெண்டு வரைக்கும் எத்தனை நின்னாலும் இது மிச்சமில்லாம வகுபடும்,” என்றார் மிஸ்யே.

“எண்ணுக்குப் பூசை போட்டீங்களா, மிஸ்யே?” என்றார் சர்தார்.

சர்தார் பன்னிரண்டால் வகுத்தார். 2,310. அதற்குள் ஒரு குழு வேலையை விட்டுப் போனது. பதினொன்றால் வகுத்தார். 2,520. மிச்சம் இல்லை, சண்டையும் இல்லை.

கடைசி நாள் மாலை, மறந்துவிட்ட துண்டை எடுக்கத் திரும்பினேன். மிஸ்யே தனியாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கால் நடுங்கியது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“விடுப்பா. இதோட அஞ்சு. முடிஞ்சுது.”

“இது யார் பங்கு, மிஸ்யே?”

“யார் பங்கும் இல்ல. நீ பஸ்ஸைப் பிடி.”

கேட்டிருந்தால் நாங்கள் தூக்கியிருப்போமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மூட்டைக் கணக்குள்ள கப்பல் காகிதம் பலகையடியில் கிடந்தது. அதிலிருந்த பிரெஞ்சு எனக்கு வராது, எண் வரும்.

27,725.